கேளுங்க சொல்றேன்: காது வழியா வந்த நாவல்கள்

போன மாசம் இந்தப் பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், கண் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து எனக்கு நாவல் எல்லாம் காதுலதான்னு. அவ்ளோதான். மும்பை சுத்தி செம்பூர், ஐரோலி, முலுண்ட், டோம்பிவிலினு எல்லா பக்கத்துலேர்ந்தும் ஆடியோபுக் பத்தியே கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. சமையல் சந்தேகம், சொசைட்டி மீட்டிங் சண்டை எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், இந்த வாட்டி இது மட்டும்.

கே: அக்கா, நான் பொறந்து வளந்தது எல்லாம் செம்பூர். இங்கிலீஷ் மீடியம், கூட ஹிந்தி, மராட்டி. தமிழ் நல்லா பேசுவேன், படிக்க வராது, ஊருக்குப் போனா பஸ் போர்டே எழுத்துக் கூட்டித்தான். லாக்டவுன்ல ஆரம்பிச்சு சிவகாமியின் சபதம் நாலு பாகமும் ஆடியோவுல கேட்டு முடிச்சேன். கடைசி அத்தியாயம் ஓடும்போது ஆபீஸ் கேப்ல இருந்தேன், அழுதுட்டேன், டிரைவர் "க்யா ஹுவா மேடம்"னு திரும்பிப் பாத்தார். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட "படிச்சு முடிச்சுட்டேன்ப்பா"னு சொன்னா, "படிச்சியா கேட்டியா? கேட்டதெல்லாம் படிச்ச கணக்குல வராது"ங்கறார். வருமா வராதா?
- ஒரு வாசகி, செம்பூர்

ப: வரும். அப்பாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

எங்க வீட்டுல, கோவில்பட்டி பக்கம், பெரியம்மா ஒருத்திக்குத்தான் தட்டாம படிக்க வரும். பத்திரிகைலேர்ந்து கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்ச தொடர்கதைதான் எங்க வீட்டு லைப்ரரி, அதுல ஒண்ணை மடியில வெச்சுக்கிட்டு அவ மத்தியானம் வாசிப்பா, சுத்தி ஏழெட்டு பேரு, ஒருத்தி அரிசில கல்லு பொறுக்குவா, ஒருத்தி திரி திரிப்பா, நான் படுத்துக்கிட்டு விட்டத்தைப் பாத்துக்கிட்டே கேப்பேன். எங்க பாட்டி கைநாட்டு. ஆனா அந்தக் கதைல வர்ற நாகநந்தி பத்தி அவகிட்ட வாயக் கொடுத்து ஜெயிச்சவங்க எங்க தெருவுல கிடையாது. அவ சிவகாமியின் சபதம் படிச்சவளா இல்லையானு உங்க அப்பா சொல்லட்டும். 1944ல கல்கி அதை வாராவாரம் எழுத ஆரம்பிச்சப்ப எத்தன வீட்டுல இப்படி ஒருத்தர் வாசிக்க மத்தவங்க கேட்டிருப்பாங்க, அந்த எழுத்தே அப்படித்தானே இருக்கு, நடுவுல நின்னு "வாசகர்கள் மன்னிக்கணும்"ங்கற தோரணைல நம்மகிட்ட பேசிட்டுப் போறவர் அவர்.

அப்பா பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். புஸ்தகத்துல பத்து பக்கம் முன்னாடி போய் "இவன் யாரு"னு பாத்துக்கலாம், காதுல அது கஷ்டம். பேரெல்லாம் எழுத்துல எப்படி இருக்கும்னே தெரியாது. ஆனா நீங்க எந்த இடத்துல அழுதீங்கனு எனக்கு எழுதாட்டியும் தெரியும். வாதாபி எரிஞ்சாத்தான் வருவேன்னு எதிரி ஊர்ல பிடிவாதமா உக்காந்திருந்த சிவகாமியை ஒன்பது வருஷம் கழிச்சு கூட்டிட்டு வர்றாங்க, வந்து பாத்தா அவ காதலிச்ச பல்லவ ராஜா நரசிம்மனுக்கு பாண்டிய இளவரசியோட கல்யாணம் ஆகி குழந்தைகளே இருக்கு. அப்புறம் ஏகாம்பரநாதர் சன்னதி. நான் அதை பதினாறு வயசுல கண்ணால படிச்சப்ப நரசிம்மன் மேல கோவம்தான் வந்துச்சு, பக்கத்தை சடசடன்னு திருப்பிட்டுப் போயிட்டேன். இப்ப காதுல கேக்கும்போது திருப்ப முடியல, வாசிக்கறவங்க எவ்ளோ மெதுவா போறாங்களோ அவ்ளோ மெதுவாத்தான் நாமளும் அவகூட கோயிலுக்குள்ள நடந்தாகணும்.

இன்னொண்ணு, நீங்க மும்பைப் பொண்ணுங்கறதால சொல்றேன். இந்தக் கதைல ஆயனர் சிற்பி உசுர விட்டு தேடறாரே அழியாத அஜந்தா வர்ணம், அந்த அஜந்தா நம்ம மகாராஷ்டிராவுலதான். வாதாபி ராஜா புலிகேசியோட நாட்டை யுவான் சுவாங் குறிப்புல மகாராஷ்டிரானுதான் எழுதி வெச்சிருக்கார். ஆக நாமெல்லாம் எதிரி நாட்டுல உக்காந்துக்கிட்டுதான் சிவகாமிக்காக அழுதுட்டு இருக்கோம்.

எழுத்து கத்துக்கணும்னு ஆசை இருந்தா ஒரு வழி சொல்றேன். நீங்க கேட்ட அதே நாவலோட புஸ்தகத்தை கைல வெச்சுக்கிட்டு மறுபடி முதல் அத்தியாயத்தை ஓட விடுங்க, விரலை வரி மேல வெச்சுக்கிட்டே போங்க. கதை ஏற்கனவே தெரியும்ங்கறதால பயம் இருக்காது. எங்க பில்டிங்ல ஒரு பொண்ணு இப்படித்தான் ஆரம்பிச்சா, இப்ப எனக்கு வாட்ஸப்புல தமிழ்ல எழுதறா, ஒற்று எல்லாம் தப்பு, எனக்கும்தான் தப்பு.

கே: நான் 2எக்ஸ் ஸ்பீட்லதான் கேப்பேன். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் மூணு வாரத்துல முடிச்சுட்டேன். என் ரூம்மேட் திட்டறான். தப்பா?
- ஐரோலி ஐடி பார்க்லேர்ந்து ஒருத்தர்

ப: கல்கி அதை 1950 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் எழுதினார். மூணரை வருஷம் ஒவ்வொரு வாரமும் காத்துக்கிட்டு இருந்தவங்க இருக்காங்க, நீங்க மூணு வாரம். தப்புனு சொல்ல மாட்டேன் தம்பி, நானே வீராணம் ஏரி வர்ணனை தாண்டினதும் சில இடத்துல 1.25 வெச்சிருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். பூங்குழலி ராத்திரில படகுல தனியா பாடறாளே, அதையும் 2எக்ஸ்லயா கேட்டீங்க? பாவம் அந்தப் பொண்ணு.

கே: ஒரே ஆள் முழுசையும் வாசிக்கறது நல்லதா, இல்ல ஆளுக்கொரு குரல்ல நாடகம் மாதிரி பண்றாங்களே அது நல்லதா? எங்க வீட்டுல ரெண்டு கட்சி.
- மாட்டுங்கா

ப: நான் ரெண்டு கட்சிலயும் இருந்திருக்கேன், முதல்ல நாடகக் கட்சி.

டோம்பிவிலிலேர்ந்து விடி ஸ்டேஷனுக்கு லோக்கல் ட்ரெயின்ல போயிட்டு வந்த காலம் (சிஎஸ்எம்டினு சொல்ல இன்னும் வாய் வரல). ஸ்மார்ட்ஃபோன் எல்லாம் கைக்கு வரல, கட்டைவிரல் சைஸ்ல ஒரு எம்பித்ரீ ப்ளேயர். பம்பாய் கண்ணன் நிறைய நாடகக் கலைஞர்களை வெச்சு பொன்னியின் செல்வனை ஒலிநூலா கொண்டு வந்திருந்தார், பேர்லயே பம்பாய் இருக்கேனு எனக்கு ஒரு சொந்த பாசம் வேற. பையன் அதை ப்ளேயர்ல ஏத்திக் கொடுத்தான். லேடீஸ் டப்பால சௌத்தி சீட், அதாவது மூணு பேர் சீட்டுல நாலாவதா பாதி உடம்பு வெளிய தொங்க உக்காரறது, ஒருபக்கம் ஒருத்தி கொத்தவரங்கா கிள்ளிட்டு இருப்பா, எதிர்ல பஜனை கோஷ்டி, நான் காதுல வந்தியத்தேவனோட தஞ்சாவூர்ல.

அப்பல்லாம் ஃபாஸ்ட் லோக்கல் திவா தாண்டினதும் பார்சிக் டனலுக்குள்ள போகும். 1916ல திறந்த டனல், ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், உள்ள போனா சத்தம் காதை அடைக்கும். ஒருநாள் கரெக்டா வந்தியத்தேவன் இருட்டுல தடவித் தடவி பழுவேட்டரையரோட நிலவறைக்குள்ள இறங்கற கட்டம், வண்டியும் டனலுக்குள்ள நுழையுது. குரல் ஒண்ணும் கேக்கல, வெறும் கடகடகட. இருட்டு. எனக்கு நெஜமாவே மூச்சு முட்டுச்சு, கொத்தவரங்கா அம்மா தோளைப் பிடிச்சுட்டேன். வெளிச்சம் வந்ததும் ரீவைண்ட் பண்ணி மறுபடி கேட்டேன், அவ்ளோ பயமா இல்ல. டனல்தான் நல்லா நடிச்சிருக்கு.

அதுலேர்ந்துதான் யோசிக்க ஆரம்பிச்சேன். வாள் சத்தம், குதிரை சத்தம், ஆளுக்கொரு குரல் எல்லாம் கல்கிக்கு நல்லா பொருந்தும், ஏன்னா அவர் கதைல ஆளுங்க பேசிக்கிட்டே இருப்பாங்க, ஒளிஞ்சு நின்னு கேப்பாங்க, வேஷம் போடுவாங்க. ஆழ்வார்க்கடியான் சண்டை போடறதை ஒரு நாடகக்காரர் குரல்ல கேட்டா சிரிக்காம இருக்க முடியாது. அதே ட்ரீட்மெண்ட்டை மனசுக்குள்ளயே நடக்கற கதைக்குப் பண்ணினா தாங்காது. ஒருத்தி ஜன்னல்கிட்ட நின்னு யோசிக்கறானா பின்னாடி வீணை மீட்டணும்னு யார் சொன்னது? அங்க ஒரே குரல் போதும், அதுவும் நடிக்காத குரல். சோகமான வரியை சோகமா வாசிக்காதீங்கப்பா, வரியே சோகமாத்தான் இருக்கு.

ஒரு நஷ்டமும் உண்டு. பலகுரல்ல ஒரு வாட்டி கேட்டுட்டா அந்தக் குரல் ஒட்டிக்கும். என் குந்தவை வேற மாதிரி பேசிட்டு இருந்தா, முப்பது வருஷமா எனக்கு மட்டும் தெரிஞ்ச குரல், அது இப்ப ஞாபகத்துக்கே வர மாட்டேங்குது. 2022ல படம் வந்தப்புறம் முகமும் போச்சு. யாரையும் குத்தம் சொல்லல, நல்லாத்தான் பண்ணியிருந்தாங்க, அதனாலதான் போச்சு.

கே: கம்ப்யூட்டர் குரல்ல வாசிக்கற ஆப் ஒண்ணு டவுன்லோட் பண்ணினேன், ஃப்ரீ. பணம் கொடுத்து எதுக்கு கேக்கணும்?
- கோரேகாவ்

ப: நானும் அப்படி ஒண்ணு போட்டுப் பாத்தேன், பேரு சொல்ல மாட்டேன். ஜெயகாந்தனோட சில நேரங்களில் சில மனிதர்கள் கைல இருந்துச்சு, முதல் பக்கத்தை ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தேன். கங்காவை "கண்"ல வர்ற க போட்டு கூப்பிட்டுச்சு. ஏதோ ஆஸ்திரேலியா மிருகத்துக்கு பேரு வெச்ச மாதிரி இருந்துச்சு. மெஷினை திட்டிப் பிரயோஜனம் இல்ல, நம்ம எழுத்து அப்படி. ஹிந்தில க, க்ஹ, க, க்ஹனு நாலு தனித்தனி எழுத்து, நமக்கு ஒரே க (பாருங்க, அந்த நாலையும் இங்க எழுதிக் காட்டக்கூட என்னால முடியல). "கடல்"ல ஒரு சத்தம், "தங்கம்"ல ஒரு சத்தம், "அகம்"ல ஒரு சத்தம், நம்ம நாக்குக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். ஆனா கங்கா, பாபு, பானு மாதிரி வெளியேர்ந்து வந்த பேருக்கு அந்த ரூல் உதவாது, ஆளைத் தெரிஞ்சிருக்கணும்.

பேரை திருத்திடலாம்னு வைங்க, அது இன்னிக்கு நாளைக்கு சரியாயிடும். அந்தக் கதைல கங்கா தன்னைப் பத்தியே பேசும்போது ஒரு குத்தல் இருக்கும், சிரிக்கறாளா நொந்துக்கறாளானு தெரியாத குத்தல். 1966ல ஜெயகாந்தன் அக்னிப் பிரவேசம்னு சிறுகதை எழுதி, அதுல ஒருத்தன்கிட்ட ஏமாந்து வந்த பொண்ணு தலைல அம்மா தண்ணி ஊத்தி நீ சுத்தமாயிட்டேன்னு முடிச்சார், ஊரே சண்டைக்கு வந்துச்சு, அப்ப அந்த அம்மா அப்படிப் பண்ணலேன்னா என்ன ஆகியிருக்கும்னு இந்த நாவலை எழுதினார். அப்படி ஒரு பொண்ணு பேசறதை ஸ்டேஷன் அனவுன்ஸ்மெண்ட் மாதிரி, "அடுத்த நிலையம் காட்கோபர்" தொனில கேட்டா எப்படி இருக்கும்? செய்தி, கட்டுரை, சமையல் குறிப்பு எல்லாம் மெஷின்ல கேளுங்க, தாராளமா. கங்காவை மட்டும் விட்டுடுங்க.

கே: காதால கேட்டதுல உங்களை ரொம்ப பாதிச்ச நாவல் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லணும்.
- டோம்பிவிலி கிழக்கு

ப: ஒண்ணு முடியாது, ரெண்டு. ரெண்டும் எந்த ஆப்லயும் கேட்டது இல்ல.

முதல்ல என் கண் ஆபரேஷன் சமயம். காட்டராக்ட்தான், பெரிய விஷயம் இல்ல, ஆனா கொஞ்ச நாளைக்கு படிக்காதீங்க, ஃபோன் பாக்காதீங்கனு டாக்டர் கறாரா சொல்லிட்டார். ஊர்ல எங்க அண்ணனுக்கு இது தெரிஞ்சுது. அவன் ரிட்டையர்டு ஸ்கூல் வாத்தியார், சும்மா இருக்க மாட்டான். மறுநாள் ராத்திரி வாட்ஸப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ், பன்னெண்டு நிமிஷம். "ஏ தாயி, கேக்கியா? கி.ரா.வோட கோபல்ல கிராமம், இன்னையிலேர்ந்து தெனம் கொஞ்சம் வாசிக்கேன்."

கி. ராஜநாராயணனோட அது 1976ல வந்த நாவல், நான் காலேஜ்லயே படிச்சாச்சு, படிச்சேன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்தி கோவிச்சுக்கிட்டு தனியா நடந்து வர்றா, தாகம், தண்ணி குடிக்க குனியறா, அவ காதுல கெடக்கற பாம்படத்துக்காக ஒருத்தன் அவளை தண்ணிக்குள்ள அமுக்கறான். அண்ணன் வாசிச்சுட்டே வந்தவன் "பாம்படம்"ங்கற எடத்துல நிறுத்தி, "நம்ம அப்பத்தா காதுல கெடந்துச்சில்லா, தோளைத் தொட்டுக்கிட்டு, அதாம்"னு சொல்லிட்டு மறுபடி வாசிச்சான். எனக்கு அதுவரைக்கும் அந்தப் பொண்ணுக்கு முகமே கிடையாது. இப்ப அப்பத்தா முகம் வந்து உக்காந்துருச்சு, நான் கண்ணுல பேட்ச் போட்டுக்கிட்டு இருட்டுல படுத்திருக்கேன், தண்ணிக்குள்ள அவ செத்துப்போற நேரத்துலயும் கொலைகாரனோட கால் பெருவிரலை பல்லால கவ்விப் பிடிச்சுக்கறா, விடவே இல்ல. அண்ணன் அந்த வரியை வாசிச்சுட்டு சும்மா இருந்தான். பின்னாடி ஃபேன் சத்தம். ஒரு நாய். அப்புறம் "சரி, நாளைக்கு பாப்போம்"னு கட் பண்ணிட்டான்.

அடுத்த மூணு வாரம் அதுதான். நடுவுல அண்ணி குக்கர் விசில், இருமல், "கண்ணாடிய எங்க வெச்சேன்", பக்கத்து வீட்டு கல்யாண மைக் செட் எல்லாம் சேர்ந்துதான் அந்த நாவல் எனக்கு. மங்கத்தாயாரு பாட்டி தெலுங்கு தேசத்துலேர்ந்து கூட்டமா தெக்க வந்த கதையைச் சொல்ற பகுதி வந்தப்ப அவன் குரலே மாறிப்போச்சு, வேணும்னு பண்ணல, எங்க பக்கத்து கிழவிங்க பேசறதைக் கேட்டு வளந்தவன், தானா வந்துச்சு. கரிசக்காட்டுப் பேச்சை பொம்பள ஆம்பள வித்தியாசம் இல்லாம யார் வேணா வாசிக்கலாம், ஆனா அந்த மண்ணுல கால் வெச்சவங்களா இருக்கணும்னு எனக்குத் தோணும். மெட்ராஸ்ல உக்காந்து ஸ்டூடியோ குரல்ல "அவிங்க, இவிங்க"ன்னு இழுக்கறதைக் கேட்டா எங்க ஊர்க்காரங்களுக்கு பல்லு கூசும். கண்ணு சரியானப்புறம் மிச்சத்தை நானே படிச்சுக்கறேன்னு அவன்கிட்ட சொல்லவே இல்ல, இன்னும் வலிக்குதுனு ஒரு வாரம் சேத்து ஏமாத்தினேன். இதை அவன் படிச்சா படிக்கட்டும்.

ரெண்டாவது நான் கேட்டது இல்ல, வாசிச்சது. எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, கடைசி வருஷங்கள்ல பார்வை போயிடுச்சு. அவங்க பொறந்தது செகந்திராபாத், அவங்க அப்பா நிஜாம் ரயில்வேல வேலை. அசோகமித்திரனோட 18வது அட்சக்கோடு அந்த ஊர் கதையாச்சேனு மத்தியானம் ரெண்டு ரெண்டு அத்தியாயமா வாசிச்சுக் காமிச்சேன். லான்சர் பாரக்ஸ், கிரிக்கெட், மாடுனு சந்திரசேகரன் பாட்டுக்கு போயிட்டு இருப்பான், அத்தை நடுவுல "அந்தத் தெருவுக்கு அப்படிப் போக முடியாது, சுத்திக்கிட்டு போகணும்"னு திருத்துவாங்க. அசோகமித்திரன் எழுத்தை சத்தமா வாசிக்கறது ஈஸினு நெனச்சேன், சின்னச் சின்ன வாக்கியம். இல்லவே இல்ல, எங்கயும் குரலை ஏத்த இடமே கொடுக்க மாட்டார், பெரிய விஷயத்தையும் பால் வாங்கிட்டு வந்த மாதிரியே சொல்லிட்டுப் போவார், நாம கொஞ்சம் பாவம் காட்டினா பொய்யா கேக்கும்.

கடைசி அத்தியாயம். (படிக்காதவங்க இந்த ஒரு பத்தியை தாண்டிடுங்க.) 1948 செப்டம்பர், நிஜாமோட ஹைதராபாத்துக்குள்ள இந்திய ராணுவம் நுழைஞ்ச போலீஸ் ஆக்‌ஷன் முடிஞ்சு ஊர்ல கலவரம், பையன் ஓடிப்போய் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள்ள நுழைஞ்சுடறான், அடிக்க வந்தவன்னு நெனச்சு அந்த வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு தன் குடும்பத்தை விட்டுடச் சொல்லி அவன் முன்னாடி உடுப்பைக் கழட்டறா. கண்ணால படிச்சா இந்த இடத்தை ரெண்டு செகண்ட்ல தாண்டிடலாம், தாண்டித்தான் இருக்கேன். மாமியாருக்கு வாசிக்கும்போது எங்க தாண்டறது? நாக்கு ஒட்டிக்கிச்சு, ரெண்டு வரியை முழுங்கப் பாத்தேன். அத்தை படுத்தவாக்குலயே "ஏன் நிறுத்திட்ட, வாசி"ன்னாங்க. வாசிச்சேன். அந்தப் பொண்ணோட வயசை, அவ எலும்பு தெரியற உடம்பை, என் வாயால சொன்னேன்.

முடிச்சப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க, "அந்த வருஷம் எங்க எதிர் வீட்டுல திடீர்னு பூட்டு தொங்கிச்சு. எனக்கு எட்டு வயசு. அங்க ஒரு பொண்ணு எனக்கு பல்லாங்குழிக்கு புளியங்கொட்டை கொடுப்பா. எங்க போனாங்கனு அப்பா சொல்லவே இல்ல, நானும் கேக்கல." கல்யாணமாகி வந்து அத்தனை வருஷத்துல அவங்க வாயிலேர்ந்து அந்தப் பொண்ணு வந்ததே இல்ல. மறுநாள் மத்தியானம் புது புஸ்தகம் எடுத்துக்கிட்டு போனேன், வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நேத்து வாசிச்சதையே திரும்ப வாசிக்கச் சொன்னாங்க.

கே: அக்கா, கதை கேட்டுக்கிட்டே உக்காந்ததுல முலுண்ட்ல இறங்காம கல்யாண் போயிட்டேன். பாஸ் முலுண்ட் வரைக்கும்தான், டிக்கெட் செக்கர் பிடிச்சு 250 ரூபா ஃபைன், மேல டிக்கெட் காசு. வீட்டுல சொல்லவே இல்ல. இதுக்கு ஏதாவது வழி?
- பேர் வேண்டாம்

ப: ஆப்ல ஸ்லீப் டைமர்னு ஒண்ணு இருக்கும், தூங்கறதுக்குத்தான் கொடுத்திருக்காங்க, நான் லோக்கலுக்கு வெப்பேன். வண்டில ஏறினதும் முலுண்டுக்கு எத்தன நிமிஷமோ அதுல அஞ்சு கொறச்சு வைங்க, பாஞ்சு பாஞ்சு கதை ஓடிட்டு இருக்கும்போது டப்புனு நிக்கும், எரிச்சலா இருக்கும், எழுந்துடுவீங்க. அது சரி, எந்த நாவல், எந்த அத்தியாயம்னு எழுதவே இல்லையே? 250 ரூபா கட்டற அளவுக்கு அப்படி என்ன கட்டம்னு எனக்கும் தெரிய வேண்டாமா, அடுத்த மாசத்துக்குள்ள எழுதிப் போடுங்க.